ஆழ்கடல் உயிர்கள் ஒளியையும் நிறத்தையும் வைத்து எப்படிப் பிழைக்கின்றன? கொங்குப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் ஆழ்கடலைப் பற்றிப் பேசப் போனால் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டு, பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஆழ்கடல்ங்கறது எத்தனை அடியில ஆரம்பிக்குதுங்க?

பொதுவாக 200 மீட்டருக்குக் கீழே. அடிக் கணக்கில் சுமார் 650. ஆயிரம் அடி தாண்டி போர் ஓட்டிவிட்டுத் தண்ணீர் வருமா என்று நிற்கிற நமக்கு இது பெரிய ஆழமாகப் படாதுதான். ஆனால் கடலில் அந்த இடத்தோடு பாசியும் செடியும் வளரத் தேவையான வெளிச்சம் முடிந்துபோகிறது. 200 முதல் 1000 மீட்டர் வரை நண்பகலிலும் ஒரு மங்கலான நீலம் மட்டும் இருக்கும். 1000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி சுத்தமாகக் கிடையாது. கடலின் சராசரி ஆழமே 3,700 மீட்டரை ஒட்டி என்பதால், பூமியில் உயிர்கள் வாழும் இடத்தில் பெரும்பகுதி இந்த இருட்டுதான்.

அந்த இருட்டுல நிறமா நிறமா எதுக்குங்க? அதுலயும் சிவப்புன்னா கண்ணைப் பறிக்குமே, அதைப் போட்டுக்கிட்டு எப்படி ஒளிஞ்சுக்குது?

திருப்பூர் சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லேப் டிப் துணியை, அதாவது ஷேடு பார்க்கச் சாயம் ஏற்றிய சின்னத் துண்டை, லைட் பாக்ஸுக்குள் வைத்து ஸ்விட்சை ஒவ்வொன்றாகத் தட்டுவார்கள். பகல் வெளிச்சத்தைப் போன்ற டி65 விளக்கில் சாம்பிளோடு ஒத்துப்போகிற ஷேடு, கடைகளில் எரியும் டிஎல்84 விளக்கைப் போட்டதும் ஒத்துப்போகாது. துணியும் சாயமும் அதேதான். மேலே விழுகிற ஒளிதான் மாறியது.

சிவப்புச் சாயம் செய்வது இவ்வளவுதான்: சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும், மற்றதை விழுங்கிக்கொள்ளும். விழுகிற ஒளியில் சிவப்பே இல்லையென்றால் திருப்பி அனுப்ப அதனிடம் எதுவும் இல்லை, கறுப்பாகத் தெரியும். கடல் நீர் சிவப்பை முதல் சில பத்து மீட்டர்களிலேயே விழுங்கிவிடுகிறது. அடுத்து ஆரஞ்சு, மஞ்சள் என்று போய், கடைசிவரை இறங்குவது 470, 480 நானோமீட்டர் பக்கத்து நீலம்தான். ஆழ்கடல் உயிர்கள் தாங்களே உண்டாக்கும் ஒளியும் பெரும்பாலும் அதே நீலம். ஆக, அங்கே சிவப்பு உடம்பு என்பது கறுப்பு உடம்புக்குச் சமம். இறால், ஜெல்லி மீன், கணவாய், மீன் என்று ஒன்றுக்கொன்று உறவில்லாத எத்தனையோ கூட்டங்கள் அங்கே சிவப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்ப போட்டோவுல தகதகன்னு சிவப்பா காட்டறாங்களே, அது பொய்யா?

பொய்யில்லை. நீர்மூழ்கியின் வெள்ளை விளக்கைப் போட்டு எடுத்த படம் அது. அந்த விலங்கு பிறந்ததிலிருந்து பக்கத்தில் வாழ்ந்த எந்த மீனும் அதை அந்த நிறத்தில் பார்த்திருக்காது.

வீட்டுல செஞ்சு பார்க்க வழி இருக்குங்களா?

இருக்கிறது. ஊர் நோம்பிக்கு வாங்கிய எல்இடி சீரியல் செட்டில் நீலம் மட்டும் எரிகிறதை எடுங்கள். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்து, போனையும் கவிழ்த்து வைத்துவிட்டு, வெள்ளைத் தட்டில் ஒரு தக்காளியும் பழுத்த மிளகாயும் வையுங்கள். தட்டு நீலமாகவும் தக்காளி கறுப்பாகவும் தெரியும். உற்றுப் பார்த்தால் தக்காளித் தோல் மினுங்குகிற இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு நீலப் புள்ளி இருக்கும். நிறம் ஒளிந்துகொண்டாலும் மினுக்கம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்தப் புள்ளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கறுப்பு மீன் கேள்வியில் வேண்டியிருக்கும்.

டார்ச்சில் நீலக் கண்ணாடித்தாளைச் சுற்றிச் செய்தால் சரியாக வராது. பெரும்பாலான தாள்கள் சிவப்பையும் கொஞ்சம் விட்டுவிடும்.

உக்கடம் மீன் மார்க்கெட்டுல சில இறால் வேக வைக்கறதுக்கு முன்னாடியே சிவப்பா இருக்கே, கெட்டுப்போனதுங்களா?

கெட்டதா நல்லதா என்பதை மூக்கால்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் பச்சையிலேயே சிவந்திருப்பது ஆழ்கடல் இறாலாக இருக்கலாம். கேரளத்தில் கொல்லத்துக்கு எதிரே, குயிலான் பேங்க் என்று அழைக்கப்படும் பகுதியில், 200 மீட்டருக்கும் கீழே இழுவைப் படகுகள் அதைப் பிடிக்கின்றன.

இறாலின் சிவப்புக்குக் காரணம் அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி. கரையோர இறாலிலும் அது உண்டு. ஆனால் அங்கே ஒரு புரதம் அதைப் பிடித்துவைத்திருப்பதால் சாம்பலாகத் தெரிகிறது. கொதிக்கவைத்தால் புரதம் சிதைந்து சிவப்பு வெளியே வருகிறது. ஆழ்கடல் இறாலுக்கு அந்த மறைப்புத் தேவையில்லை. சிவப்பாக இருப்பதே அதற்கு மறைவு. அதில் சில வகைகள், பிடிக்க வந்தால் வாயிலிருந்து ஒளிரும் நீரைப் பீய்ச்சியடித்து, எதிரி திகைக்கிற நேரத்தில் பின்பக்கமாக நழுவிவிடும்.

ஒளிஞ்சுக்கறதுதான் வேலைன்னா உடம்புல லைட்டு எதுக்குங்க? "நான் இங்க இருக்கேன்"னு சொல்ற மாதிரி ஆயிராதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆழ்கடலில் ஒளியைப் பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொள்ளத்தான் பயன்படுத்துகின்றன என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். எனக்குத் தோன்றுவது, மங்கல் ஒளி இருக்கும் அந்த 200–1000 மீட்டர் பகுதியில் ஒளியின் தலையாய வேலை மறைப்பதுதான் என்று.

அங்கே மறைவதற்குப் பாறையோ புதரோ கிடையாது, நாலு பக்கமும் தண்ணீர். வேட்டையாடுகிறவை கண்ணை மேலே வைத்துக் காத்திருக்கும். மேலிருந்து வரும் மங்கல் நீலத்துக்கு எதிரே மிதக்கிற எதுவும் ஒரு நிழலாகத் தெரிந்துவிடும். கறுப்போ சிவப்போ இங்கே உதவாது. நிழல் இன்னும் தெளிவாகத்தான் தெரியும். அதனால் பல உயிர்கள் வயிற்றில் விளக்கு வைத்திருக்கின்றன. மேலிருந்து எவ்வளவு ஒளி வருகிறதோ, அதே அளவு, அதே நீலத்தைக் கீழே விடுகின்றன. நிழல் அழிந்துபோகிறது.

கோடாலி மீன் என்று ஒன்று இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும், தகடு போலத் தட்டை. பக்கங்கள் கண்ணாடி மாதிரி வெள்ளி, பக்கத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சுற்றியிருக்கும் நீலத்தையே திருப்பிக் காட்டும். வயிற்று விளிம்பில் சிறுகுழாய்கள் போல ஒளியுறுப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் நிறவடிகட்டியும் பிரதிபலிப்பானும் உண்டு. நிறம் மட்டும் பொருந்தினால் போதாது, ஒளி விழும் கோணமும் பொருந்த வேண்டுமே. இந்த வகை மீன்கள் சிலவற்றில் ஓர் ஒளியுறுப்பு தன் கண்ணுக்குள்ளேயே ஒளி விடும். மேலிருந்து வரும் ஒளியோடு தன் ஒளியை ஒப்பிட்டுச் சரிசெய்ய அது உதவுகிறது என்று கருதுகிறார்கள்.

கணவாய்களைத் தொட்டியில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். மேலே விளக்கைக் கூட்டினால் கணவாயும் வயிற்று ஒளியைக் கூட்டியது, குறைத்தால் குறைத்தது. அளவுக்கு மீறிக் கூட்டினால் அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. பகல் ஏற ஏற இவை ஆழத்துக்கு இறங்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சின்ன மீன்களின் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். நியூசிலாந்துக்குக் கிழக்கே 2020 ஜனவரியில் பிடிபட்ட கைட்ஃபின் சுறா, 1.8 மீட்டர் வரை வளரக்கூடியது, வயிறு நீலமாக ஒளிர்ந்தது. முதுகெலும்புள்ள ஒளிரும் விலங்குகளில் நமக்குத் தெரிந்து அதுதான் பெரியது.

சூரிய ஒளியே இல்லாத ஆழத்துல நிழலும் விழாதே, அங்க பயம் இல்லீங்களா?

அங்கே பயம் டார்ச்சுக்கு. அடுத்த மீன் கண்ணுக்குக் கீழே விளக்கை வைத்துக்கொண்டு தேடி வரும். அந்த ஒளி மேலே பட்டு ஒரு துளி மினுங்கினால் போதும், கதை முடிந்தது. (தக்காளியின் நீலப் புள்ளி ஞாபகம் இருக்கிறதா?) அதனால் சில மீன்கள் மினுக்கத்தையும் சேர்த்தே ஒழித்துவிட்டன.

ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் கேரன் ஆஸ்பர்னும் டியூக் பல்கலைக்கழகத்துக் குழுவும் 2020-இல் இப்படிப்பட்ட 16 மீன் வகைகளைப் பற்றி எழுதினார்கள். ஆஸ்பர்ன் இந்த மீன்களைப் படமெடுக்கப் பார்த்து அலுத்துப்போனாராம். எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் படத்தில் வெறும் கறுப்பு உருவம்தான். தோலின் மேல்மட்டத்திலேயே மெலனின் என்ற கறுப்பு நிறமியின் மணிகள் இடைவெளியில்லாமல் அடுக்கியிருக்கின்றன. ஒரு மணி விழுங்காமல் விட்ட ஒளி வெளியே திரும்பாமல் பக்கத்து மணிக்குள் போகிறது. அதுவும் விட்டால் அடுத்தது. அதில் ஒரு தூண்டில் மீன் (தலையில் விளக்குத் தொங்கும் வகை, கீழே வரும்), விழும் ஒளியில் 99.95 சதவீதத்துக்கும் மேல் விழுங்கிவிடுகிறது. நம் தலைமுடியில் இருப்பதும் அதே மெலனின்தான், அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு.

இதைவிடச் சாமர்த்தியசாலி ஜாப்பெடெல்லா என்ற சின்ன ஆக்டோபஸ். மங்கல் வெளிச்சத்தில் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும், அதனால் நிழல் இல்லை. ஆனால் டார்ச் அடித்தால் கண்ணாடி உடம்பு மினுங்கிக் காட்டிக்கொடுக்கும். 2011-இல் வெளியான ஆய்வில் அதன் மேல் நீல ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். சட்டென்று உடம்பெல்லாம் செம்பழுப்பாக மாறியது. ஒளியை எடுத்ததும் மறுபடி கண்ணாடி.

டாப்சிலிப்புல பார்க்கற மின்மினியும் இதுவும் ஒண்ணுதானுங்களா?

அடிப்படை ஒன்று, சரக்கு வேறு. லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபரேஸ் என்ற நொதியின் உதவியோடு ஆக்சிஜனுடன் சேரும்போது ஒளி வருகிறது. சூடு என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. பிரான்சின் ரஃபேல் துபுவா 1880-களிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். லூசிஃபெரின் என்பது ஒரே பொருளின் பெயர் அல்ல. மின்மினியினுடையது ஒன்று, கடலில் பல உயிர்கள் பயன்படுத்துவது சீலென்டெரசின் என்ற இன்னொன்று. சீலென்டெரசினைச் சில உயிர்கள்தான் உண்டாக்குகின்றன. மற்றவை அவற்றைத் தின்று எடுத்துக்கொள்கின்றன. சில மீன்கள் அதுவும் செய்வதில்லை, ஒளிரும் பாக்டீரியாவை உடம்பில் குடிவைத்துச் சோறு போட்டுவிடுகின்றன. மீன்களில் மட்டும் ஒளிரும் திறன் குறைந்தது 27 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று 2016-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

ஆனைமலைக் காட்டில் கோடை மழையை ஒட்டி மரம் முழுக்க மின்மினிகள் ஒரே தாளத்தில் விட்டுவிட்டு எரிவது துணை தேடுவதற்கு. கடலிலும் அந்த வேலை உண்டு. லாந்தர் மீன்கள் என்ற ஒளிரும் சின்ன மீன்களில் சிலவற்றுக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் வால் பக்கத்து விளக்கு வேறுபடும்.

தலையில பல்பு தொங்க ஒரு கறுப்பு மீன் ரீல்ஸ்ல ஓடுச்சே, அது நிசமா?

நிஜம்தான். கானரித் தீவுகளின் டெனெரிஃப் அருகே 2025 ஜனவரியில், பட்டப்பகலில், மேல்தண்ணீரில் படம் பிடித்தார்கள். பார்த்தவர்கள் திமிங்கிலம் அளவுக்கு நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் கைக்குள் அடங்கும். தூண்டில் மீன் கூட்டத்தில் பெரும்பாலானவை அவ்வளவுதான்.

தலையில் தொங்குவது தூண்டில். அதன் நுனியில்தான் மேலே சொன்ன குடிவைத்த பாக்டீரியா. வெளிச்சத்தைப் பார்த்து வருவது வாய்க்கு நேரே வந்து சேரும். தூண்டில் பெண்ணுக்கு மட்டும்தான். ஆண் பொடிசு, சில வகைகளில் பெண்ணைக் கண்டுபிடித்துக் கடித்து ஒட்டிக்கொண்டால் தோலும் ரத்தக்குழாயும் சேர்ந்து, அப்புறம் ஆயுள் முழுக்க அங்கேயேதான். பள்ளியில் இதைச் சொன்னால் பெண் பிள்ளைகள் சிரிப்பதும் பையன்கள் நெளிவதும் எல்லா ஊரிலும் நடக்கிறது.

எல்லாரும் நீலத்தை மட்டும் பார்க்கறாங்கன்னா, சிவப்பு டார்ச் ஒண்ணு இருந்தா ஜெயிச்சிரலாமே?

அப்படி ஒரு மீன் இருக்கிறது. மலக்கோஸ்டியஸ் நைஜர். கண்ணுக்குக் கீழே 700 நானோமீட்டரையும் தாண்டிய அடர்சிவப்பு ஒளி விடும் விளக்கு. சுற்றியிருக்கும் மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஒளி தெரியவே தெரியாது. தன் மேல் டார்ச் அடிக்கிறார்கள் என்பதே இரைக்குத் தெரியாமல் இருக்கும். சிவப்பு இறால் இந்த விளக்கில் சிவப்பாகவே பளிச்சிடும்.

ஆனால் ஆழ்கடல் மீனின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாதே, இதற்கு மட்டும் எப்படி? பச்சையத்திலிருந்து வரும் ஒரு பொருளைக் கண்ணில் சேர்த்துவைத்து, அது சிவப்பை வாங்கிக் கண்ணின் நிறமியைத் தூண்டும்படி செய்துகொள்கிறது. 1998-இல் இது தெரியவந்தது. மேல்தண்ணீரில் பாசி, பாசியைத் தின்னும் பொடி உயிர்கள், அவற்றைத் தின்னும் இந்த மீன் என்று சாப்பாட்டு வழியாகவே அது கிடைக்கிறது என்று நினைக்கிறார்கள். சூரியனையே பார்க்காத மீன் பச்சிலைச் சாற்றைக் கண்ணில் விட்டுக்கொண்டு பார்க்கிறது!

பிடிபட்டாச்சு, வாய்க்குள்ள போகப்போகுதுன்னா?

கூச்சல் போடும், ஒளியால். அட்டோலா என்ற கருஞ்சிவப்பு ஜெல்லியை ஏதாவது கடித்தால் உடம்பைச் சுற்றி நீல ஒளி சக்கரமாக ஓடும். கடிக்கிறவனைவிடப் பெரியவன் யாராவது அதைப் பார்த்து வரட்டும் என்பதுதான் கணக்கு. அமெரிக்க ஆய்வாளர் எடித் விடர் இதே மாதிரி மின்னும் போலி ஜெல்லி ஒன்றைச் செய்து, ஆழ்கடல் உயிர்களுக்குத் தெரியாத அடர்சிவப்பு விளக்கோடு ஒரு கேமராவையும் இறக்கினார். 2012-இல் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே ராட்சதக் கணவாய் அதைத் தேடி வந்தது. இயல்பான இருப்பிடத்தில் அதை முதன்முதலாக வீடியோ எடுத்தது அந்தப் பயணத்தில்தான். அதுவரை சத்தமும் வெள்ளை விளக்குமாகப் போய் எல்லாவற்றையும் விரட்டிக்கொண்டிருந்தோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேறு வழிகளும் உண்டு. 2009-இல் பெயரிடப்பட்ட ஸ்விமா என்ற புழு, பச்சையாக ஒளிரும் உருண்டைகளைக் கழற்றிவிட்டு நீந்திப்போய்விடும். ஒரு கணவாய் தன் கை நுனியையே ஒடித்து விட்டுவிடும்; அது தனியாக மின்னிக்கொண்டு கிடக்கும். இருட்டில் கறுப்பு மையால் பயனில்லை என்பதால் வேம்பயர் கணவாய் ஒளிரும் சளியை விடுகிறது.

ஒளிர்ற இரையை முழுங்குனா வயித்துக்குள்ள லைட் எரியுமே?

எரியும். அதனால்தான் உடம்பெல்லாம் கண்ணாடியாக இருக்கும் சில சீப்பு ஜெல்லிகளுக்கு வயிறு மட்டும் ரத்தச்சிவப்பு. நீல ஒளி அந்தத் திரையைத் தாண்டி வராது.

இந்த மறைப்பை எல்லாம் மீறிக் கண்டுபிடிக்கறவங்க யாருமே இல்லையா?

இருக்கிறார்கள். மாறுகண் கணவாய்க்கு ஒரு கண் பெரிது, மேலே பார்க்கும். இன்னொன்று சிறிது, கீழே பார்க்கும். பல சமயம் பெரிய கண்ணின் லென்ஸ் மஞ்சளாக இருக்கும். சூரிய நீலத்துக்கும் வயிற்று விளக்கு நீலத்துக்கும் இடையில் இருக்கும் நூலிழை வித்தியாசத்தை அந்த மஞ்சள் பிரித்துக் காட்டிவிடும். லைட் பாக்ஸில் ஷேடு பார்க்கிற வேலையேதான், இங்கே தப்பாகப் பார்த்தால் பட்டினி.

சென்னை பீச்சுல அலை நீலமா மின்னுச்சே, ஆழ்கடல் உயிர் மேல வந்திருச்சா?

இல்லை. 2019 ஆகஸ்டில் திருவான்மியூர் பக்கம் பார்த்தது நாக்டிலூகா என்ற ஒற்றைச்செல் உயிர், மேல்தண்ணீரிலேயே வாழ்வது. அலை குலுக்கினால் மின்னும்.

ஆழ்கடல்ல ஒளிர்ற உயிர்கள்தான் அபூர்வமா, ஒளிராததா?

ஒளிராததுதான் குறைவு. கலிபோர்னியாவின் மான்டெரே ஆய்வு நிறுவனம் 17 வருட வீடியோப் பதிவுகளை எண்ணிப் பார்த்து, 2017-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. மேல்மட்டத்திலிருந்து 4000 மீட்டர் வரை நீரில் மிதக்கும் உயிர்களில் 76 சதவீதம் ஒளிரும் திறன் கொண்டவை.

நமக்குப் பக்கத்திலேயும் உண்டு. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் அரபிக்கடல். லாந்தர் மீன்கள் மிக அதிகமாக இருக்கும் கடல்களில் அது ஒன்று. பகலில் ஆழத்தில் கிடந்து, இருட்டியதும் மேலே ஏறும். இரண்டாம் உலகப்போர் காலத்தில் ஒலியை அனுப்பி ஆழம் பார்க்கும் சோனார் கருவியைப் பார்த்தவர்கள் இப்படி ஏறி இறங்கும் உயிர்க்கூட்டத்தைக் கடலடித் தரை என்று எண்ணிக் குழம்பினார்கள்.

பொண்ணு பத்தாவது படிக்கறா, இதைத்தான் படிப்பேங்கறா. எங்க சேர்க்கறதுங்க?

சேர்த்துவிடுங்கள். கடல் உயிரியலுக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மையம், மீன்வளத்துக்குத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி. கோவைக்காரர்களுக்குக் கொச்சிதான் பக்கம். அங்கே கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. பிளஸ் ஒன்னில் உயிரியல் இருக்கும் பிரிவை எடுக்கச் சொல்லுங்கள்.

உயிரியல் பிடிக்காமல் மெஷின் பிடித்த பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துப் போக மத்ஸ்யா 6000 என்ற வாகனத்தைச் சமுத்ரயான் திட்டத்துக்காக உருவாக்கிவருகிறது. ஆட்கள் உட்காருவது 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியக் கோளத்துக்குள். தண்ணீர் புகாத மோட்டார், சீல், கேபிள், அழுத்தம் தாங்கும் உலோக வேலை எல்லாம் அதற்கு வேண்டும். பம்ப்செட் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் புதிதில்லை.